மூன்று மில்லிமீட்டர்

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு. மேட்டுப்பாளையம், ஊட்டி ரோடு. மாலை ஐந்து மணி.

குன்னூரிலிருந்து இறங்கும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் நுழைகின்றன. கூரைமேல் பைகள். பின்சீட்டில் வர்க்கிப் பொட்டலம், தைலப் பாட்டில், இலையோடு கேரட் கட்டு. தூங்கி வழியும் பிள்ளைகள்.

சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். மெக்கானிக் கையில் டீ. காது மட்டும் சாலையில்.

ஒரு வெள்ளைக் கார் வேகத்தடையில் மெதுவாகிறது. கீச்சென்று ஒரு சத்தம். மெக்கானிக் தலையைத் திருப்புகிறார். கார் நிற்கவில்லை. கண்ணாடி ஏற்றியிருக்கிறது. உள்ளே பாட்டு.

சற்று நேரம் கழித்து ஒரு நீலக் கார். இதில் கீச்சு இல்லை. கரகரவென்று இரும்பில் இரும்பு அரைபடுகிறது. முன்சக்கரத்தில் புகை. கார் சாலையை விட்டு இறங்கி, ஒர்க்‌ஷாப் வாசலில் கொட்டிக் கிடக்கும் மணலில் ஏறி நிற்கிறது.

நாலு கதவும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. கருகிய நாற்றம். முன்சீட்டு இளைஞர் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தை நோக்கி ஓடுகிறார்.

"தண்ணி ஊத்தாதீங்க!"

பாட்டில் அந்தரத்தில் நிற்கிறது. கொதிக்கும் டிஸ்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும். விரிசலும் விடலாம்.

உதவியாள் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறான். சூடு தணிய வேண்டும். காத்திருப்பு. பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தடவிக்கொள்கிறார். ஓட்டி வந்தவர் சாவியை விரலில் சுற்றுகிறார். நிறுத்துகிறார். மறுபடி சுற்றுகிறார். அவர் மனைவி பெண்குழந்தையின் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"எங்கிருந்து பிடிக்கலீங்க?"

"பர்லியார் தாண்டி பெடல் உள்ள போயிருச்சு. ரெண்டு மூணு தடவ மிதிச்சா பிடிச்சுது."

"எந்த கியர்ல வந்தீங்க?"

பதில் இல்லை.

"நியூட்ரலா?"

"பெட்ரோல் மிச்சமாகும்னு..."

குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள். கியரில் இறங்கினால் வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்திருக்கும்வரை இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் அநேகமாகப் பெட்ரோலே குடிப்பதில்லை. நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடிக் குடிக்கிறது. வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். மலையின் உயரமெல்லாம் சூடாகி அந்த டிஸ்கில் இறங்குகிறது.

ஸ்டேஷன் பக்கம் விசில் கேட்கிறது. மலை ரயில். 1899 முதல் குன்னூருக்கு ஓடுகிற வண்டி. குன்னூரிலிருந்து கல்லாறு வரை பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுப்பல்லைக் கவ்வ, மணிக்கு 13 கிலோமீட்டரில் இறங்குகிறது. அந்த வேகத்துக்கே பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், கையில் கொடியோடு.

அரை மணி ஆகிறது. ஓட்டி வந்தவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்க்கிறார். முகம் தெளிகிறது.

"இப்ப நல்லா பிடிக்குதுங்களே. ஈரோடு வரைக்கும் தரைதானே, போயிடலாங்களா?"

மெக்கானிக் வீல் ஸ்பேனரை எடுக்கிறார்.

சக்கரம் கழல்கிறது. காலிப்பரைத் தூக்கியதும் பேடு கையோடு வருகிறது. புதுப் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். இதில் மில்லிமீட்டரே இல்லை. வெறும் இரும்புத் தகடு, கண்ணாடியாய் மின்னுகிறது. ஓரத்தில் ஒரு சின்ன வளைந்த நாக்கு. பேடு தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்தவென்றே வைத்தது. கத்திக் கத்தி அதுவும் பாதி தேய்ந்திருக்கிறது.

"எத்தன நாளா சத்தம்?"

"தீபாவளிக்கு முன்னாடியிருந்து. தூசியா இருக்கும்னு நெனச்சோம்."

"அப்பா பாட்ட சத்தமா வெச்சுருவாரு," என்கிறது குழந்தை.

டிஸ்கில் வட்ட வட்டமாகப் பள்ளம். மெக்கானிக் அதில் நகத்தை ஓட்டுகிறார். ஒவ்வொரு கோட்டிலும் நகம் மாட்டுகிறது. சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்திருக்கிறது. தலையை ஆட்டுகிறார். உதவியாள் தெரிந்த ஸ்பேர்ஸ் கடைக்காரர் வீட்டுக்கு பைக்கில் பறக்கிறான்.

புது டிஸ்க் வருகிறது. புதுப் பேடு தடியாக இருப்பதால் காலிப்பருக்குள் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மெக்கானிக் மெதுவாக அழுத்துகிறார். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா பொங்கி வழிகிறது. பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். ஈரத்துணியால் அவசரமாகத் துடைக்கிறார்.

"ஆயில் ஊத்துனீங்களா?"

"சிவப்பு லைட் எரிஞ்சுதுங்க. ஊத்துனதும் அணஞ்சிருச்சு."

பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வருகிறது. அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்குகிறது. மட்டம் குறைகிறது. லைட் எரிகிறது. ஆயில் எங்கும் ஒழுகவில்லை. பேடு தீர்ந்துகொண்டிருந்தது. மேலே ஊற்றியதில் லைட் மட்டும் அணைந்தது.

டப்பாவில் இருக்கும் ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தரப்படி டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும். ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகும். பெடல் கெட்டியாகும், எதுவும் நடக்காததுபோல.

பழைய ஆயிலை வெளியேற்றி ஏர் எடுக்க வேண்டும். உதவியாள் டப்பாவில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். மெக்கானிக் சக்கரத்தருகே படுக்கிறார். பெடலில் ஓட்டி வந்தவரே.

"மிதிங்க. மிதிங்க. மிதிச்சுப் பிடிங்க."

நிப்பிள் திறக்கிறது. கண்ணாடிக் குழாயில் கறுப்பு ஆயில், நடுநடுவே குமிழி. காலிப் பாட்டிலில் சொட்டுகிறது.

"கால எடுக்காதீங்க. ம்... இப்ப விடுங்க."

மறுபடி. மறுபடி. அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. சொல்லாமல் கால் நகர்வதில்லை. குமிழி குறைகிறது. நிறம் வெளுக்கிறது.

மனைவி டாஷ்போர்டு பெட்டியில் தேடி ஒரு தாளை எடுத்து வருகிறார். ஆகஸ்ட் மாத சர்வீஸ் பில். கடைசி வரியில் பேனாவால் எழுதியிருக்கிறது: முன் பேடு 3 மி.மீ., மாற்ற வேண்டும், கஸ்டமர் அடுத்த சர்வீஸில் என்கிறார். கீழே கணவரின் கையெழுத்து. ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

மெக்கானிக் பேடு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கணக்கு எழுதுகிறார். பேடு செட். டிஸ்க் இரண்டு. ஆயில். கூலி. ஆகஸ்டில் செய்திருந்தால் முதல் வரியும் கூலியும்தான்.

"பின்னாடி டிரம்ம கழட்டி லைனிங் பாத்தரலாங்க. அதுவும் இதே சூட்லதான் வந்திருக்குது."

ஓட்டி வந்தவர் அட்டையைப் பார்க்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இருட்டிவிட்டது.

"அது அடுத்த மாசம்..."

"இப்பவே பாருங்கண்ணா," என்கிறார் மனைவி. "எவ்வளவு நேரமானாலும் இருக்கறோம்."

உதவியாள் ஜாக்கியைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போகிறான்.