கிணற்று மோட்டாரும் உன் வீட்டுப் பம்பும்

இராஜபாளையம்,
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. லீட்ஸில் குளிர் ஆரம்பித்துவிட்டது, ரேடியேட்டர் சூடேறவில்லை, பம்ப் உறுமுகிறது, புதிது மாற்றச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாயோ. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கிணற்று மோட்டாரும் போன வாரம் இப்படித்தான் உறுமியது. 3 மாதம் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டால் வெறும் சத்தம்தான், சுற்றவில்லை. பார்க்க வந்தவர் புது மோட்டார் வாங்கச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. 30 வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் அல்லவா? உறுமுகிறதென்றால் காயிலுக்குக் கரண்ட் போகிறது, உயிர் இருக்கிறது.

பீஸைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் தள்ளினேன். அசையவில்லை. சும்மா கிடந்ததில் இம்பெல்லர் துருவேறி உறையோடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்ட விட்டுக்கொடுத்தது. அப்புறமும் தானாகக் கிளம்பவில்லை. கண்டன்சர் போயிருந்தது. அதை மாற்றியதும் நன்றாகச் சுற்றியது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை.

சித்திரை மாதமாயிருந்தால் தண்ணீர் 25 அடிக்குக் கீழே போயிருக்கும், அந்த ஆழத்திலிருந்து நம் மோட்டார் உறிஞ்சாது என்று விட்டிருப்பேன். இப்போதோ நல்ல மழை. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, நம் கிணறும் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. அப்படியானால் புட்வால்வுதான் என்று குழாயைத் தூக்கிப் பார்த்தேன். தோல் வாசர் கிழிந்து, ஊற்றிய தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. புதுசு போட்டேன். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

உன் வீட்டுப் பம்பும் கோடை முழுக்க ஓடாமல் கிடந்ததுதானே, பாப்பா? அது தண்ணீரை மேலே தூக்குவதில்லை. பாய்லரில் சுட்ட தண்ணீரை ரேடியேட்டர்களுக்கு அனுப்பி, திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. பழைய பம்பில் தண்டே தண்ணீருக்குள்தான் சுழலும். மாதக்கணக்கில் நின்றால் கசடு படிந்து இறுகிவிடும். மாப்பிள்ளையை இதைச் செய்யச் சொல். கரண்டை நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும். முகப்பின் நடுவே பெரிய திருகு இருந்தால் அதைக் கழற்றலாம். கொஞ்சம் தண்ணீர் கசியும், துணி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்டின் நுனியில் ஒரு வெட்டு தெரியும். அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்லத் திருப்பினால் போதும், பலம் காட்டக்கூடாது. பாய்லரை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம். காஸ் வேலைக்கு அங்கே பதிவு பெற்றவர்தான் வர வேண்டும்.

கசிகிற தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வை. கருப்பாக இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பார். ஒட்டினால் ரேடியேட்டர் இரும்பு உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். அப்போது முழுக் குழாயையும் கழுவாமல் புதுப் பம்ப் மாட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும். பணத்தைக் கொடுக்கும் முன் இதைக் கேள்.

என்ன நிறம் என்று அன்றைக்கே போன் பண்ணு. இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா