சுருள்வில் துவக்கு

காற்றுத் துவக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுழியோடிகள் பாவிக்கிற மாதிரியான சிலிண்டரிலிருந்து நிரப்பிய அமுக்கக் காற்றில் இயங்குவது. விசையை அழுத்தினால் வால்வு ஒரு கணம் திறந்து மூடும். துவக்கு அசைந்ததே தெரியாது. மற்றது சுருள்வில்லில் இயங்குவது. நெம்புகோலை இழுத்தால் உள்ளே பிஸ்டன் பின்னுக்குப் போய், தடித்த வில்லை நெருக்கிக்கொண்டு கொளுவி நிற்கும். விசையை அழுத்தியதும் வில் பிஸ்டனை முன்னுக்கு எறியும். பிஸ்டனுக்கு முன்னால் உள்ள காற்று நசுங்கி, ஈயக் குண்டைக் குழல் வழியே தள்ளிவிடும். லண்டனுக்குத் தெற்கே நான் போகும் கிளப்பில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது முதல் வகை. என்னிடம் இருப்பது இரண்டாவது: ஜேர்மனியில் செய்த வைராக் எச்.டபிள்யூ. 97. ஸ்கோப்பையும் சேர்த்தால் நாலு கிலோவுக்கு மேல்.

முதல் வகையில் ஒரு பின்னேரத்திலேயே ஓரளவு நன்றாகச் சுடப் பழகிவிடலாம். சுருள்வில் அப்படி விடாது. பிஸ்டன் முன்னுக்குப் பாயும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கும். பாய்ச்சலின் முடிவில் நசுங்கிய காற்று மெத்தைபோலப் பிஸ்டனைத் தடுக்க, துவக்கு முன்னுக்கு இழுபடும். பெரிய வேட்டைத் துவக்கின் உதையைத் தாங்கும் ஸ்கோப்புகள்கூட இந்த இருபக்க ஆட்டத்தில் உடைந்துபோவதுண்டு. எல்லாம் ஏறத்தாழ நொடியின் நூறில் ஒரு பங்கு நேரம். ஆனால் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி, குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்னரே நடந்துவிடுகிறது.

எனவே இறுக்கிப் பிடித்துப் பயனில்லை. எவ்வளவு இறுக்கினாலும் அது அசையும். ஒருமுறை இறுக்கம் கூடி மறுமுறை குறைந்தால் அசைவும் மாறும், குண்டும் வேறிடத்தில் போய்ப் படும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைய விடுவதுதான் செய்யக்கூடியது. இடது உள்ளங்கையை விரித்து, பாரம் தானாக அதில் கிடக்க விடவேண்டும். விரல்கள் சுற்றி வளைக்கக் கூடாது. வலது கை, கைகுலுக்கும் அளவுக்குக்கூட இறுகக் கூடாது. தோளைத் தொட்டால் போதும், கன்னம் படிந்தால் போதும். இடது கை ஓர் அங்குலம் முன்பின் போனாலே அட்டையில் தெரியும் என்பதால், கை வைக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்தப் பிடியைப் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் ரொம் கேலோர்ட் இதை 'ஆட்டிலறி ஹோல்ட்' என்கிறார். சுடும்போது பீரங்கியின் குழல் தன் தாங்கியில் பின்னுக்கு வழுக்கித் திரும்புமே, அதுபோல. கிளப்பில் முதன்முதல் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்லறி! வலிகாமத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அது காதால் படித்த பாடம். பலாலிப் பக்கம் ஷெல் குத்துகிற சத்தம் கேட்கும். பிறகு ஒன்றுமே இல்லாத சில நொடிகள். அதற்குள் பங்கருக்குள் இறங்கவேண்டும், அல்லது நின்ற இடத்தில் குப்புறப் படுக்கவேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு 15 வயது. 2004இல் முதுகலைப் படிப்புக்கு இங்கே வந்தேன்; இப்போது மென்பொருள் ஆலோசகன். அந்தச் சில நொடிகளில் தோளை உயர்த்திப் பல்லைக் கடித்துக் கண்ணை மூடுகிற பழக்கம் மட்டும் உடம்பில் அப்படியே இருக்கிறது.

கிளப்பில் எழுபது தாண்டிய ஓர் ஆங்கிலேயர்தான் இதைக் கண்டுபிடித்தார். எல்லாரும் என் அட்டையைப் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் வரமுன்னமே கண்ணை மூடுகிறாய்" என்றார். இது யாருக்கும் வரக்கூடியதுதான். வேறு துவக்கு என்றால் குண்டு போடாமல் விசையை அழுத்தி அழுத்திப் பழகலாம். சுருள்வில்லில் அது ஆகாது. குண்டு இல்லாவிட்டால் காற்று மெத்தை சரியாக அமையாது. பிஸ்டன் போய் மோதி உள்ளே கெட்டுப்போகும். அவர் வேறு வழி வைத்திருந்தார். நான் பிடித்துக் குறிபார்த்துக்கொண்டிருக்க, விசையில் தன் விரலை வைத்தார். எப்போது அழுத்துவார் என்று எனக்குத் தெரியாது. 25 யார் தூரத்தில் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குச் சிதறிக்கொண்டிருந்த ஐந்து குண்டுகள், அன்றைக்கு 10 பென்ஸ் குற்றிக்குள் அடங்கின. துவக்கும் அதுதான், கண்ணும் என்னுடையதுதான்.

வெடிச்சத்தத்துக்குள் வளர்ந்தவன் ஏன் துவக்கைத் தூக்குகிறாய், கோல்ஃப் விளையாடேன் என்று நண்பர்கள் கேட்பார்கள். எப்போது வெடிக்கும் என்பது ஒருதடவையாவது என் விரலில் இருக்கட்டும் என்ற ஆசைதான். இந்தத் துவக்கு கேட்பதோ அதற்கு எதிர்மாறானது. விசையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போகவேண்டும். எந்தக் கணத்தில் விடுபடவேண்டும் என்று நாம் முடிவுசெய்யக் கூடாது. விடுபட்ட பிறகும் இரண்டு எண்ணும்வரை கண் ஸ்கோப்பிலேயே இருக்கவேண்டும். அந்த இரண்டு எண்ணிக்கைதான் எனக்கு இன்னும் கடினம்.

மற்றதெல்லாம் என் தொழிலில் பழகிய வேலை. அட்டையில் குழப்பம் வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் மரத்தையும் இரும்பையும் பிணைக்கும் திருகாணிகள். இருபக்க உதையில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஸ்கோப்பின் பிடிகள். பிறகு குண்டு. என்னுடையதற்கு 8.44 கிரெய்ன் ஜேஎஸ்பி பிடித்திருக்கிறது. அடுத்தவரின் துவக்குக்கு அது பிடிக்காமல் போகலாம், வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஐந்து வெடி போதாது, பத்துச் சுட்டால்தான் உண்மை தெரியும். காற்றறைக்குள் எண்ணெய் விடச் சொல்பவர்களை நம்பவேண்டாம். நசுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், வேகம் தாறுமாறாகும்.

அம்மாவுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவையில்லை. எங்களோடுதான் இருக்கிறார். நான் ரைபிள் என்றேன், விளையாட்டுச் சாமான் என்றேன். அவர் துவக்கு என்றுதான் சொல்லுவார்.

"செக்கிங் வந்தா என்ன செய்வாய்?"

"இங்க செக்கிங் இல்லை அம்மா. இதுக்கு லைசென்சும் தேவையில்லை."

"லைசென்ஸ் இல்லாமலே வச்சிருக்கிறியா?" என்று இன்னும் பயந்துபோனார்.

இங்கிலாந்தில் 12 அடி-இறாத்தலுக்கு மேற்படாத காற்று ரைபிளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தில் 2016 முடிவிலிருந்து வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியது சட்டப்படி என் பொறுப்பு. மகனுக்கு 13. அலுமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நானே வைத்திருக்கிறேன். அந்த அறைக்குள் அம்மா உடுப்பு மடிக்கக்கூடப் போவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, கிளப்பிலிருந்து கொண்டுவந்த அட்டை குசினி மேசையில் கிடந்தது. அம்மா அதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தினை வெடி?"

"அஞ்சு."

"ஒரு ஓட்டைதானே கிடக்குது."

"அஞ்சும் அதுக்குள்ளதான் அம்மா."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் பார்த்தார். விளிம்பு கிழிந்த அந்த ஓட்டையை விரல் நுனியால் தடவினார்.

"சாப்பிடுற மேசையில இதுகளை வைக்காத" என்றார்.