எழுபது வளைவும் ஒரு பொய்யும்

உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். சில மாதங்களுக்கு முன் என்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் கோபித்துக்கொண்டுதான் இருப்பேன். பத்து வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவளிடமா இந்தக் கேள்வி!

சேலத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துகிறோம். சபா என்று சொல்வதற்கில்லை. தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. சுண்டல் மட்டும் உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து உட்காருவோம். "இந்த மாசம் என்ன கேட்டீங்க?" இந்த ஒரு கேள்விதான் நிகழ்ச்சி. அந்த மாதம் மனத்தைப் பிடித்துக்கொண்ட பாட்டைப் பற்றி ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். செல்போனில் போட்டும் காட்டலாம்.

எதிர்வீட்டு அக்கா, 1930-களில் பதிவான வீணை தனம்மாளின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்பாள். "மூணு நிமிஷம்தான், ஆனா முடிஞ்சப்புறம் அரைமணிக்கு வேற எதுவும் கேட்கத் தோணாது" என்பாள். பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமிக்கு எம். டி. ராமநாதன்தான் எல்லாம். அந்தக் கட்டைச் சுருதியும் அவசரமே அறியாத நடையும்! "முப்பது வருஷம் கௌண்ட்டர்ல ஓடியாச்சு. இனிமே இவரோட வேகம்தான் எனக்குச் சரி" என்பது அவள் கட்சி. தமிழ் டீச்சருக்குத் தேவாரம். சினிமாப் பாட்டுக்கென்றே ஒரு மாமி. எல்லாரிலும் சின்னவள் மாடி வீட்டுப் பெண்; காலேஜில் படிக்கிறாள். அவள் கேட்பதோடு நிற்காமல் பாடவும் செய்வாள்.

நான்? வயதில் மூத்தவள், ஆகவே நீதிபதி.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் புதிதாகப் பாடம் செய்த கீர்த்தனை ஒன்றைப் பாடினாள். முடித்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா வார்த்தையை ஏன் இப்படி விழுங்கறே? பாடறியா, முணுமுணுக்கறியா?" என்றேன். அவள் சிரித்து மழுப்பினாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் கூட்டத்துக்கு வந்தாலும் அவள் வாயைத் திறந்து பாடவேயில்லை.

சில நாள் கழித்துப் பேத்தி வந்தாள். புதுக் கொலுசைப் போட்டுக்கொண்டு கூடமெல்லாம் குதித்தாள். "சத்தமே வராத கொலுசா பார்த்து வாங்கினீங்களா?" என்று மருமகளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் இவரைப் பார்த்தாள். இவர் மறுநாளே என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார்.

சின்ன அறை ஒன்றில் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டுமாம். பாதி நேரம் பொத்தானும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். உட்காது நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற செல்கள் வரிசையாக இருக்கின்றன. வாசலருகே இருப்பவை உச்ச ஒலிகளுக்கு. உள்ளே போகப் போகக் கீழ் ஒலிகளுக்கு. வயதானால் பெரும்பாலும் வாசலருகே இருப்பவைதாம் முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. கொலுசு, பறவைக் குரல், பேச்சிலே 'ஸ', 'ஷ', 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் எல்லாம் மங்கிப் போகும். "சத்தம் கேட்கும், சொல் புரியாது" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. வார்த்தையை விழுங்கியது யார் என்று அப்போதுதான் தெரிந்தது!

காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார். "கல்யாணம் கார்த்திகைக்குத் தோட்டோடு அதையும் மாட்டிக்கொண்டு போகவா?" என்று, ரிப்போர்ட்டைப் பட்டுப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அடுத்த கூட்டத்தில், எப்போதோ கேட்ட பட்டம்மாள் கச்சேரியை நேற்றுக் கேட்டதுபோல் வர்ணித்தேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞாபகசக்திக்கு நல்ல மார்க், நாணயத்துக்குச் சைபர்.

அந்த நாட்களில்தான் பீத்தோவனைப் பற்றிப் படித்தேன். 1802-இல், வியன்னாவுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு, தன் சகோதரர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தூரத்துக் குழலோசையும் இடையன் பாட்டும் கேட்கின்றன, தமக்குக் கேட்கவில்லை, சங்கீதக்காரன் 'எனக்குக் காது மந்தம்' என்று எப்படிச் சொல்லுவது என்று அதில் புலம்புகிறார். அப்போது அவருக்கு வயது 31. கடிதத்தை அனுப்பவேயில்லை. 1827-இல் அவர் இறந்த பிறகு காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. பட்டுப் புடவை என் நினைவுக்கு வந்தது.

இப்படி இருக்கும்போது, "அடுத்த கூட்டத்தைக் கொல்லிமலையிலே வெச்சுக்கலாம்" என்றாள் டீச்சர். வேன் பிடித்து, ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி சேர்ந்தோம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். சினிமா மாமி சமயம் பார்த்து, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த 'மந்திரி குமாரி'யிலிருந்து, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலைப் பாட்டைப் போட்டாள். பெண்டாட்டியைத் தள்ளிவிடுவதற்காகப் புருஷன் மலைக்கு அழைத்துப் போகிற கட்டம்! ஜி. ராமநாதனின் மெட்டிலோ ஒரே குளுமை. "நல்ல வேளை, நாம யாரும் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலை" என்றாள் பாங்க் மாமி.

பாதி வழியில் தலை சுற்றுகிறதென்று வேனை நிறுத்தினோம். இறங்கியதும் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "அப்பப்பா! இந்தச் சில்வண்டு என்ன கத்துக் கத்துது!"

நான் மரங்களைப் பார்த்தேன். காடு நிசப்தமாக இருந்தது. ஒரு கணம் தயங்கினேன். பிறகு நானும் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாடி வீட்டுப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காட்டி டீச்சர் கதை சொன்னாள். பாணர் கூட்டம் காட்டிலே முழவும் யாழும் கூட்டிப் பாடியபோது, தன் புகழைக் கேட்டு நாணித் தலை குனிந்த வேடனைப் பற்றி வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறாராம், அவன்தான் ஓரியாம். நானும் தலை குனிந்துகொண்டேன், காரணம் வேறு.

அறப்பளீசுவரரைத் தரிசனம் செய்துவிட்டு மர நிழலில் ஜமக்காளத்தை விரித்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும் என்றதும் எங்கள் முழங்கால்கள் ஏகமனதாக மறுத்துவிட்டன. செல்போனில் சிக்னல் இல்லை. வாயால் பாடித்தான் காட்ட வேண்டும்.

முதலில் டீச்சர். "இந்த மாசம் தருமபுரம் சுவாமிநாதன் பாடிய தேவாரம் கேட்டேன். பண் பேர் என்ன தெரியுமா? கொல்லி! இந்த மலைக்கும் அதே பேர்தான்." இப்போது அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். மேல் ஸட்ஜமத்துக்கு ஏறாத ராகம்; கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரை வந்து திரும்பிவிடும். அப்பர் சுவாமிகள் பாடிய முதல் பதிகமும் அந்தப் பண்தான். சூலை நோய் வயிற்றைக் குடைந்தபோது, எந்தத் தமக்கையை விட்டுப் போனாரோ அந்தத் திலகவதியாரிடமே திரும்பி வந்து, திருவதிகையில் தம் வேதனையைச் சொல்லிப் பாடிய பதிகம்.

டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பாடினாள். மனப்பாடமான பதிகம், ஆகையால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. நோயை மூடி மறைக்காமல் சொன்னதே அவருக்கு முதல் பாட்டாகிவிட்டது. நானோ சில்வண்டுக்குக் காதைப் பொத்துகிறேன்!

என் முறை வந்தது.

"இந்த மாசம் நான் எதுவும் கேட்கலை. போன மாசம் சொன்னது பொய். எனக்குக் காது மந்தமாயிடுச்சு. வழியிலே சில்வண்டு கத்தினதும் கேட்கலை." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "நீ வார்த்தையை விழுங்கலைம்மா. என் காதுதான் விழுங்கிடுச்சு. நாலு பேர் எதிரே உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

யாரும் பேசவில்லை. எதிர்வீட்டு அக்காதான், "என் வீட்டு டி.வி. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்குதாம், நானும் காட்டிக்கணும் போலிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பெண் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அன்னையிலேருந்து நான் வீட்டிலேகூடப் பாடலை, பெரியம்மா" என்றாள். அதற்கு என்னால் என்ன பதில் சொல்ல முடியும்?

மலை இறங்கும்போது அவள் என் வலப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வலது காது சற்றுத் தேவலை என்று சொல்லியிருந்தேன். டீச்சர் பாடியதை முணுமுணுத்தாள். நான் முகத்தைச் சுளித்தேன் போலிருக்கிறது. பிறகு குரலை விட்டே பாடினாள்.

"வார்த்தை கேட்டுதா பெரியம்மா?"

"பாதி கேட்டுது" என்றேன். இனிமேல் பொய் கிடையாது.

"அப்போ மறுபடியும்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். வளைவுகளை நான் எண்ணவில்லை.

இப்போது கருவி போட்டுக்கொண்டிருக்கிறேன். தோட்டுக்குப் பின்னால் ஒன்றும் அசிங்கமாக இல்லை. முதல் நாள் பேப்பர் புரட்டுகிற சத்தமே இடி மாதிரி இருந்தது. மூளை பழகக் கொஞ்ச நாளாகும் என்றார் டாக்டர், பழகிக்கொண்டு வருகிறது. பேத்தியின் கொலுசு கேட்கிறது. வரும் சனிக்கிழமை "இந்த மாசம் என்ன கேட்டீங்க?" என்றால் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறது. நான் உள்ளே திரும்பியதும் இவர் ஏதோ முணுமுணுக்கிறாரே, அதுவும் இப்போது சொல்லுக்குச் சொல் தெளிவாக விழுகிறது. பாவம், அவருக்கு இன்னும் அது தெரியாது!