பிரிப்பதற்கு முன்

சென்னையில் கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டைச் சந்துகளுக்குள் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று முழு வண்டியாக நுழைந்தால், டேங்க் ஒரு கடையிலும் ஃபோர்க் இன்னொரு கடையிலும் கிராங்க் மற்றொன்றிலும் போய்ச் சேர அதிக நேரம் பிடிப்பதில்லை. ஜி.பி. ரோட்டில் புது உதிரிகள், இங்கே கழற்றிய உதிரிகள் என்று இரண்டு உலகங்கள். இரண்டிலும் வாடிக்கையாளரின் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: “அண்ணே, புல்லட்டுக்குக் காயில் இருக்கா?” காயில்தான் போய்விட்டது என்று எப்படித் தெரியும் என்று கடைக்காரர் கேட்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. அந்தக் கேள்வி எழ வேண்டிய இடம் பட்டறை. அங்கும் அது எழாமல் போய்க்கொண்டிருப்பதுதான் என் கவலை. பழைய வண்டியை மீட்பதில் முக்கால் பங்கு வேலை கோளாறைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மாட்டுவதும் முடுக்குவதும் மீதிக் கால் பங்கு. நம் ஊரில் இந்தத் தொழிலுக்குக் கிடைக்கும் காசு முழுவதும் அந்தக் கால் பங்குக்குத்தான் கிடைக்கிறது. வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்து உட்காரும் ஆர்வலரும் அதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்.

புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். இந்த வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வடிவம் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் உற்பத்தி வேரூன்றியது. தாய் நிறுவனம் அங்கே மூடிப்போன பிறகும் இங்கே அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை வந்துகொண்டிருந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி.; அரை நூற்றாண்டில் அடிப்படை மாறவில்லை. அதனால் எழுபதுகளின் வண்டிக்குத் தொண்ணூறுகளின் உதிரி பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இது வரம். யோசிக்காமல் மாற்றிக்கொண்டே போகும் பழக்கத்துக்கும் இதே வசதிதான் வாசல்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு. காலையில் இரண்டாவது உதையில் கிளம்பும் வண்டி எட்டு பத்து கிலோமீட்டர் போனதும் முக்கி முனகி நிற்கிறது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. காயில் சூடேறி உள்சுற்று விட்டுப்போனால் இப்படித்தான் நிற்கும். கண்டன்சர் பலவீனமானாலும் இப்படித்தான். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகும். நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் மறுபடி ஓடும். டேங்கின் துரு பெட்ரோல் டேப்பின் வலையில் படிந்தாலும் அதே கதை. இவற்றைப் பிரித்தறிய ஒரு பைசா செலவில்லை. நின்ற கணத்தில் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்றை இழுத்துக்கொண்டு வண்டி கிளம்பினால் வழக்கு முடிந்தது. இல்லையென்றால் பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்துப் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, இன்ஜின் மேல் படுக்கவைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். பொறி நீலமாகப் பளிச்சென்று விழுந்தால் பெட்ரோல் பக்கம் போகலாம். மங்கலாக விழுந்தால் பாயிண்ட் மூடியைத் திறக்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே கொழுத்த பொறி பறந்து முகப்பு கரிந்திருந்தால் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல். கவனியுங்கள்: சாட்சியம் முழுவதும் வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். மெக்கானிக் உதைத்தால் முதல் உதையிலேயே கிளம்பும். அப்போது அவர் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் என்றால் காயில்.

புல்லட்டை வடிவமைத்தவர்கள் கோளாறு பார்க்கும் கருவியை வண்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்பியர் மீட்டரைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். சாவியைப் போட்டுக் கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடும் இடத்தில் முள் இடப்பக்கம் சாயும்; திறக்கும் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு இந்த முள்ளைப் பார்த்தே பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உதைப்பது பழைய ஓட்டுநர்களின் முறை. முள் அசையவே இல்லையென்றால் கரண்ட் பாயிண்ட் வழியாகப் போகவில்லை: பேட்டரி, சுவிட்ச், ஒயர், அழுக்கேறிய பாயிண்ட் என்று அந்தத் தடத்தில் தேடலாம். சாய்ந்த முள் திரும்பவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காமல் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடுகின்றன.

நான் கவனித்த பட்டறைகளில் மூத்த மெக்கானிக்கின் அடையாளம் கருவி எடுக்கத் தாமதிப்பதுதான். உதவிப் பையன் ரிங் ஸ்பானரோடு குனியும்போது, “இருடா தம்பி, முதல்ல சத்தத்தைக் கேளு” என்பார். கிக்கரின் மேல் ஏறி நின்று, அது உடலின் எடையை ஒரு கணமாவது தாங்குகிறதா, சட்டென்று விட்டுக்கொடுக்கிறதா என்று பார்ப்பார். விட்டுக்கொடுத்தால், காற்று எந்த வழியாகத் தப்புகிறது என்று காது கொடுப்பார்: கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, பிரீதர் குழாயில் வந்தால் ரிங். டேப்பெட் வைக்கும்போது ஃபீலர் கேஜ் அவருக்குத் தேவைப்படுவதில்லை. இந்த இன்ஜினுக்கு அது வேண்டியதும் இல்லை. ஆறிய இன்ஜினில் வலப்பக்க மூடியைத் திறந்து, புஷ்ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுவார். தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. நட்டை இறுக்கியதும் மறுபடி உருட்டுவார். இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். இது மந்திரம் இல்லை, கற்றுக்கொள்ளக் கூடியது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

அந்த அறிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குப் புகையைச் சொல்ல வேண்டும். பல மாதம் சும்மா நின்ற வார்ப்பிரும்பு புல்லட்டை ஸ்டார்ட் செய்தால் தெருவே வெள்ளையாகும் அளவுக்குப் புகை விடும். உடனே “ரிங் போச்சு, போர் போடணும்” என்று தீர்ப்பு வருகிறது. நின்றிருந்த காலத்தில் ஆயில் பம்பு வழியாக மெல்ல இறங்கிக் கிராங்க் அறையில் தேங்கியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்து தேங்கியதை வடித்துவிட்டு ஓட்டினால், சில நிமிடங்களில் புகை அடங்கிவிடும். அடங்காமல், முறுக்கும்போதெல்லாம் புகைந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். முறுக்கை விட்டதும் புகைந்தால் வால்வு கைடு. இதைப் பிரித்துப் பார்க்காமல் லேத்துக்குப் போன சிலிண்டர்கள் எத்தனையோ. ஒவ்வொரு போரும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு படியைத் தின்றுவிடுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? மெக்கானிக்குக்குத் தெரியாததால் மட்டும் அல்ல. ஒரு மணி நேரம் தேடி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை வைத்து வண்டியை ஓடவைத்தவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால், “என்னண்ணே, தேய்ச்சதுக்கா இவ்வளவு?” என்கிறோம். அதே ஆள் தேவையில்லாத காயிலையும் கண்டன்சரையும் மாற்றி இரண்டாயிரம் பில் போட்டால், பழைய காயிலைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்தியோடு கொடுக்கிறோம். டாக்டருக்கு மருந்து தனி, ஃபீஸ் தனி என்று ஒத்துக்கொண்ட நாம் மெக்கானிக்கிடம் மருந்துக்கு மட்டுமே காசு கொடுக்கிறோம். அப்படிக் கொடுத்தால் மருந்து விற்கத்தான் அவர் கற்றுக்கொள்வார். 2020-இல் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. தொழிலுக்குள் வரும் இளைஞர் ஸ்கேனரைக் கற்பதுதான் நியாயம். காதையும் விரலையும் பழக்கிக்கொள்ளும் உழைப்புக்குக் கூலி இல்லாதபோது அவர் ஏன் அதில் காலம் கழிக்க வேண்டும்?

உதிரி மலிவு, நேரம்தான் விலை அதிகம். மொத்தமாக மாற்றிவிட்டால் சந்தேகமே இல்லையே என்பார்கள். நேர்மையான கேள்விதான். ஆனால் மலிவான உதிரிகளில் டூப்ளிகேட் கலந்திருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கண்டன்சர் முதல் வாரத்திலேயே போவது பட்டறைகளில் யாரையும் ஆச்சரியப்படுத்தாத செய்தி. ஒரே நாளில் ஐந்து உதிரிகளை மாற்றியபின் வண்டி ஓடாவிட்டால், பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்திருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. ஓடினாலோ, எது குற்றவாளி என்று தெரியாது. அடுத்த முறையும் ஐந்தையும் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, கழற்றியதை எறியாமல் பேர் எழுதி வைப்பது என்ற இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தால் வீட்டு வேலையில் பாதிக் குழப்பம் வராது. பாயிண்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதை நான் எதிர்க்கவில்லை. தினசரி ஓட்டுகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் பேட்டரி சார்ஜ் ஏறாத வண்டியில் பாயிண்டாவது தட்டுத்தடுமாறி வீடு சேர்க்கும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் நடுரோட்டில் விட்டுவிடும்.

பெயிண்டிலும் குரோமிலும் வண்டியைப் புதுப்பிக்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவில் பராமரித்திருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் சாரம். அசல் பாகத்தைக் காப்பாற்றுவதற்குச் சட்டமே மதிப்புக் கொடுக்கிறது. அசலைக் காப்பாற்ற ஒரே வழி, அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று முதலில் பார்ப்பது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வைத்திருக்க வேண்டும், புகை விடும் பழைய இரும்பைக் கழித்துவிடக் கூடாதா என்று கேட்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு விடும் நச்சு இன்றைய வண்டியைவிட அதிகம். அதன் டிரம் பிரேக்கும் இன்றைய போக்குவரத்துக்கு ஈடு கொடுக்காது. அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்: பிரேக் லைனிங், கேபிள், டயர், ஒயரிங் முதலில், இன்ஜின் அடுத்து, பெயிண்ட் கடைசி. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். ஈரத்தை இழுத்து டேங்கில் துருவும் ஏற்றும். குழாய்களை மாற்றுவதும், மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடிப்பதும் கட்டாயம். இவற்றைச் செய்ய மனமில்லாதவர் வண்டியைக் கழித்துவிடுவதே நல்லது. செய்ய முன்வருகிறவர் போர், வெல்டிங், கிராங்க் வேலைகளை லேத்துக்கு விட்டுவிடலாம். நின்ற இடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பதும், பொறியின் நிறத்தைப் பார்ப்பதும், எத்தனை கிலோமீட்டரில் எந்த வேகத்தில் நின்றது என்று குறித்துவைப்பதும் அவரால் மட்டுமே முடியும். அந்தக் குறிப்போடு பட்டறைக்குப் போய், “அண்ணே, எதையும் மாத்த வேண்டாம், என்னன்னு பாருங்க, பார்த்ததுக்குத் தனியா தர்றேன்” என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தால், காது கொடுத்து வேலை செய்யும் மெக்கானிக் பட்டறையை மூட வேண்டியிருக்காது. அவர் பக்கத்தில் நிற்கும் பையனும் ஸ்பானரை எடுக்கும் முன் காது கொடுப்பான்.