அர்த்தம் கேட்ட பிள்ளை

“டீச்சர், இந்தப் பாட்டுல என்ன சொல்லுதாவ?”

ஆறாம் வகுப்பு. ஜன்னலோரத்துப் பிள்ளை கேட்டாள். மலஹரியில் முதல் கீதம் எடுத்திருந்தேன். பிள்ளையார் பாட்டு என்பதோடு என் விளக்கம் தீர்ந்துபோனது. பதினாறு வருஷமாகப் பாடுகிறேன். சொல்லிக்கொடுத்தவரிடம் அர்த்தம் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அன்று ராத்திரி ஆபிரகாம் பண்டிதர் ஞாபகம் வந்தது. நம்ம பக்கத்துக்காரர். 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். அப்போது அது திருநெல்வேலிச் சீமை. இசை படிக்கும்போது எங்களுக்கு அவர் இரண்டு மார்க் கேள்வி: நூல் ‘கருணாமிர்த சாகரம்’, வருஷம் 1917, சுருதி 24. அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று யாரும் சொல்லவில்லை.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி, அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் பாட்டு. பிறகு தஞ்சாவூரில் அவரும் மனைவியும் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். அப்புறம் வேலையை விட்டுவிட்டு முழுநேரச் சித்த வைத்தியம். நல்ல காசு வந்தது. அந்தக் காசைக் கொண்டு அவர் செய்ததுதான் விஷயம். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தன் செலவில் வரவழைத்து மாநாடு கூட்டினார். ஒரு தடவையோடு விடவில்லை. சுருதி 22 என்பது சாஸ்திரம். சிலப்பதிகாரத்தை வைத்து 24 என்றார் இவர். 1916இல் பரோடா மாநாட்டுக்குப் போனபோது வெறும் கணக்கோடு நிற்காமல், வீட்டுப் பெண்களையே பாடியும் வாசித்தும் காட்டவைத்தார். (24 சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். கமகம் இழுக்கும்போது எனக்கு எந்தக் கணக்கும் நிற்பதில்லை.)

எனக்குப் பெரிசாகப் பட்டது வேறு. அந்தத் தலையணைப் புத்தகத்துக்குப் பத்து வருஷம் முன்னால், 1907இல், ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று ஒன்று போட்டிருக்கிறார். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சாகித்தியத்தோடு கீதமும் மற்றதும். அவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்காரர் ஆரம்பப் பாடத்துக்கு உட்கார்ந்து வார்த்தை கோர்த்திருக்கிறார்.

எங்கள் பள்ளியில் பாட்டுக்கு வாரத்தில் ரெண்டு பீரியட். பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். நானும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவேன். மாநாடு கூட்ட எனக்கு வக்கில்லை. மலஹரியில், ரூபக தாளத்தில், தாமிரபரணியைப் பற்றி எட்டு வரி எழுதினேன். சுமார்தான். பாபநாசத்தில் இறங்கி, சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிற வரைக்கும்.

அடுத்த வகுப்பில் மூணு தடவை பாடிவிட்டு, அதே பிள்ளை கையைத் தூக்கினாள்.

“டீச்சர், தண்ணி தெளிஞ்சு ஓடுதுன்னு எழுதியிருக்கிய. எங்க தெரு பக்கம் சாக்கடையில்லா கலக்கு?”

வகுப்பே சிரித்தது. அந்த வரியை எப்படி மாற்றுவது என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் கணக்கு சார்.

“சார், இன்னைக்கு முடியாது. பாட்டு பாதியில நிக்கி” என்றேன்.