அலகு சூடிய தலைகள்

"டோட்டம்" என்ற சொல்லுக்குக் "குலக்குறி" என்று எழுதிப் பழகிய கை இது. அருணாசலப் பிரதேசத்து நிஷி மக்களைப் பற்றி மொழிபெயர்க்கும்போது மட்டும் அந்தச் சொல் பொருந்துவதில்லை. குலக்குறியைக் கொல்லக் கூடாது என்பதுதானே பொதுவான மரபு? ஒராவோன் பழங்குடியில் எக்கா குலத்தாருக்கு ஆமை அப்படித்தான். நிஷி ஆண்களின் பிரம்புத் தொப்பியில் இருந்ததோ, வேட்டையாடிய பெரிய இருவாய்ச்சியின் அலகு. ஆனைமலையில் நாம் பார்க்கும் அதே பறவை. வீரமும் அந்தஸ்தும் அந்த அலகில் இருந்தன.

பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவு வழியே இரை ஊட்டுவது ஆண். அதைச் சுட்டால் பொந்துக்குள் இருப்பவையும் பட்டினிதான்.

2000களின் தொடக்கத்தில் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் ஃபைபர் கிளாஸ் அலகுகளைக் கொடுத்தன. நிஷிகள் பலர் அதைச் சூடிக்கொண்டார்கள். "பிளாஸ்டிக்கில் என்ன புனிதம்?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். (அவர் வீட்டுப் பூஜையறையில் இருப்பவை அச்சடித்த படங்கள்!) அசல் அலகில்தான் புனிதம் என்றால், கடைசிப் பறவையோடு அதுவும் போய்விடுமே.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. காட்டுக்குள் காவல் நிற்க ஆள் வேண்டுமே? பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடுகளில் 2011-12 முதல் கூட்டு மரங்களைக் காப்பவர்கள் நிஷிகளேதான். முன்னாள் வேட்டைக்காரர்களும் அவர்களில் உண்டு. பறவையின் வழித்தடம் அறிந்த கண்கள் இப்போது, மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழவிதைகளைப் பார்த்து, மேலே பொந்தில் குடும்பம் இருப்பதைத் தெரிந்துகொள்கின்றன.