குறையைச் சொல்லி விற்ற தீபாவளி

எங்கள் ஊரான திருப்பூரில் தீபாவளி, போனஸ் போடும் சனிக்கிழமை ராத்திரியே தொடங்கிவிடும். வாரச் சம்பளமும் போனசும் சேர்ந்து கைக்கு வந்த தெம்பில் பனியன் கம்பெனி ஆட்கள் மறுநாள் காலையிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். குமரன் ரோட்டிலும் புது மார்க்கெட் வீதியிலும் காதர்பேட்டையிலும் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் பஸ் ஏறப் போகிறவர்கள் கையில் புதுத்துணிப் பை ஒன்றாவது இருந்தே தீரும். ஊரே துணி தைக்கும், ஆனால் தைக்கிறவர்களும் அந்த வாரம்தான் தங்களுக்கென்று துணி வாங்குவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேர் எங்கள் மாமாவின் ஷெட்டுக்கும் வந்தார்கள். மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். பி.என். ரோட்டை ஒட்டிய சந்தில் சிமெண்ட் அட்டை போட்ட ஷெட் அவருடையது. நாலு ஓவர்லாக், ரெண்டு ப்ளாட்லாக், ஒரு சிங்கர் மெஷின், ஒரு நீளமான மேஜை, ஏழெட்டு ஆட்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வெட்டிக் கொடுக்கும் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். பீஸுக்கு இத்தனை என்று கூலி. கம்பெனிக்குப் பணம் வந்தால் மாமாவுக்கு வரும், மாமாவுக்கு வந்தால் டெய்லர்களுக்கு.

அந்த வருஷம் கம்பெனிக்கு வரவில்லை. சாயம் போட்டு வந்த துணி தாமதமாகி, கப்பல் தேதி தவறி, வாங்குவதாக இருந்த வெளிநாட்டுக்காரர் சரக்கு வேண்டாம் என்றுவிட்டார். கூலிப் பாக்கிக்குப் பதிலாகத் தைத்த டீ-சர்ட்டுகளையே மூட்டை கட்டி ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மெரூன், பாசிப் பச்சை, நேவி ப்ளூ, கிரே மெலாஞ்ச் என்று வீட்டுத் திண்ணை வரைக்கும் அடுக்கிய மூட்டைகள். எங்களுக்கெல்லாம் ஏறி விளையாட மலை கிடைத்த சந்தோஷம். மாமா மட்டும் மூட்டைகளைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வெசனம் போனஸ். அப்போதிருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்றது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஷெட்டை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் ஒன்றரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட் என்று உட்கார்ந்து தைத்தவர்களைத் தீபாவளிக்கு வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை.

சரக்கைப் பணமாக்க முதலில் காதர்பேட்டைக்குத்தான் போனோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் அந்த வீதிகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் செகண்ட்ஸும் மலையாகக் குவிந்து கிடக்கும். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வந்து லாட் லாட்டாக எடுத்துப் போவார்கள். அத்தை சாம்பிளுக்கு ஒரு மூட்டையைக் கொண்டுபோயிருந்தார். கடைக்காரர் அவிழ்த்து, மேலாக இருந்த நாலு பீஸைப் புரட்டினார், ஒன்றில் ஓட்டை, ஒன்றில் ஆயில் கறை. கிலோவுக்கு இவ்வளவு என்றார். அந்தக் கணக்கில் போனஸில் பாதிகூடத் தேறாது.

திரும்பி வரும்போது அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ஏனுங், கலந்து வித்தா கெட்டதோட வெலதான் நல்லதுக்கும் கெடைக்கும். பிரிச்சு வித்தா நல்லதுக்கு நல்ல வெல வருமுங்க. நம்ம ஷெட்டுலயே போட்டு விப்போம்."

கடைக்காரர்மேல் தப்புச் சொல்ல முடியாது. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் மூட்டையாக வாங்குகிறவர் கெட்டதை மனதில் வைத்துத்தான் விலை கேட்பார். பிரிக்கும் உழைப்பை யார் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த விலை வித்தியாசம். ஏழாவது வரைக்கும் படித்த அத்தை அன்றைக்குச் சொன்னதைவிடத் தெளிவாக வியாபாரப் பாடம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பிரிப்பதற்கு எங்கள் அம்மா இருந்தார். கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. அன்று ராத்திரி ட்யூப்லைட்டுக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்தார். ஒரு டீ-சர்ட்டை எடுப்பார். இடது கையை அடிப்பக்கமாக உள்ளே விட்டு, விரல்களை விரித்து, துணியை வெளிச்சத்துக்கு எதிராக ஏந்துவார். ஊசி விட்டுப் போன கண் இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் பொட்டாகத் தெரியும். அப்புறம் கழுத்துப் பட்டி, தோள் மூட்டு, கை இணைப்பு, பக்கவாட்டுத் தையல், கடைசியாகக் கீழ்மடிப்பு. கண் ஒரு சுற்று, கட்டைவிரல் ஒரு சுற்று. குறை இருந்தால் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். என் கையில் நூல் வெட்டும் ட்ரிம்மரைக் கொடுத்திருந்தார்கள். பிசிர் வெட்டுவதும் கழுத்து லேபிளை வெட்டி எடுப்பதும் என் வேலை. வெளிநாட்டுக் கடையின் பேரோடு சரக்கு உள்ளூரில் போகக்கூடாது என்பது இந்தத் தொழிலின் கட்டுப்பாடு.

நாலு குவியல் சேர்ந்தது. குறையே இல்லாதது ஒன்று. கையூசியால் பிடித்தால் சரியாகிவிடும் சின்ன ஓட்டைகள் ஒன்று. ஆயில் கறை, சாயத் திட்டு உள்ளவை ஒன்று. உடுத்தவே ஆகாதது கடைசி, அது பனியன் வேஸ்ட் வாங்குகிறவருக்கு. ஓட்டைகளை அத்தை அதே நிற நூலால் கண் கண்ணாகப் பிடித்தார். கறைகளின் மேல் சாக்பீஸ் பொடியைத் தூவி, எண்ணெயை உறிஞ்ச விட்டு, சோப்புப் போட்டுத் துவைத்தோம். எங்கள் போர்த்தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால் அதற்காகவே குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார்கள். குறை இல்லாத குவியல்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. மாமா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, ஆச்சரியம் தாளவில்லை. "இத்தன நல்ல துணிய எப்படிச் சாமி வேண்டாம்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வேலை பார்த்த காலத்தில் திருப்பூர் என்றால் வெள்ளை பனியன்தான். 1925-இல் குலாம் காதர் சகோதரர்கள் கல்கத்தாவிலிருந்து பின்னலாடை மெஷினைக் கொண்டுவந்து தொடங்கி வைத்த தொழில் அது. உள்நாட்டுக்குப் போகும் பனியன் இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் வெள்ளை டீ-சர்ட் கேட்டு வந்தார். ஊர் ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. அதோடு கணக்கும் மாறியது. இந்த நிறம், இந்த அளவு, இத்தனை பீஸ், இந்தத் தேதி. குறைபட்டுக் கழிவதற்கு ஈடாக நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று கூடுதலாக வெட்டியாக வேண்டும். கழியாமல் நின்றது சர்ப்ளஸ், கழிந்தது செகண்ட்ஸ், தேதி தவறினால் மொத்தமுமே கிடப்பு. அப்பாரு பார்த்த துணியில் குற்றமில்லை, அது போய்ச் சேர வேண்டிய தேதிதான் முடிந்துபோயிருந்தது.

கடை போடுவதற்கு அத்தை போட்ட திட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. நாள், போனஸ் வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் இருந்தால் அடுத்த ஞாயிறு. நேரம், ஜனங்கள் டவுனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலை எட்டு மணி. "டவுனுக்குப் போயிட்டு வந்தா கையில காசு இருக்காது கண்ணு, போறப்பவே புடிக்கோணும்" என்றார். விலை மூன்றே மூன்று. குறை இல்லாதது 40 ரூபாய், பிடித்துத் தைத்தது 25, கறை உள்ளது 15. அதற்கான சில்லறையைத் தெரிந்த பஸ் கண்டக்டர் ஒருவரிடம் மாமா மாற்றி வந்தார். அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரில் விலை எழுதிக் கட்டினோம். டீக்கடையில் ஒரு அட்டை, பால் ஊற்றுகிற அண்ணனிடம் வாய்வழிச் சேதி. டெய்லர் அண்ணன்களும் அக்காக்களும் தாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் சொல்லி வைத்தார்கள்.

மெஷின்களை ஓரமாகத் தள்ளிப் பழைய போர்வையால் மூடினார்கள். நீள மேஜை கல்லாவானது. கயிறு கட்டி, துணிகளை அளவு வாரியாகத் தொங்கவிட்டோம். அதில் ஒரு சிக்கல். வெளிநாட்டு அளவு நம்மவர்களுக்குத் தொளதொள என்று இருக்கும். எம் என்று போட்டிருப்பது நம் ஆளுக்கு எல் மாதிரி நிற்கும். மாமா டேப்பை வைத்து மார்பளவை அளந்து, 36, 38, 40 என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒவ்வொரு வரிசைக்கும் குத்தினார். வீட்டுக் கண்ணாடியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து, ஒரு மூலையில் பெட்ஷீட்டைக் கட்டிப் போட்டுப் பார்க்க இடம் செய்தார்கள்.

எல்லாம் முடிந்தபோது நான் ஸ்டிக்கர்களைப் பிய்க்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார். "இருக்கட்டும் சாமி. எங்க தைச்சிருக்குது, எங்க கறைன்னு வாங்கறவங்களுக்குத் தெரியோணுமில்ல?" அத்தையும் "ஆமாங் கண்ணு" என்றார். சிவப்பு அம்புகளோடுதான் துணிகள் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு வந்த முதல் கூட்டத்தில் ஒரு அக்கா இருந்தார். அவரும் எங்கோ செக்கிங்கில் இருப்பவர் என்பது டீ-சர்ட்டுக்குள் கையை விட்ட விதத்திலேயே தெரிந்தது. 40 ரூபாய் வரிசையில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, அக்குளுக்குக் கீழே ஒரு ஊசிக் கண்ணைக் காட்டினார். அம்மா வாங்கிப் பார்த்தார். உடனே ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "இது இருபத்தஞ்சுங்க்கா" என்று அவர் கையிலேயே கொடுத்தார். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நாலு உருப்படி எடுத்துக்கொண்டு போனார். பதினோரு மணிக்குத் தன் லைன் வீட்டுப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தார்.

அதற்குப் பிறகு ஷெட்டில் நிற்க இடமில்லை. தேனிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஊரில் இருக்கும் தம்பிமார்களுக்கெல்லாம் சேர்த்து எடுத்தது. "கறை போகாதுங்களா?" என்று கேட்டவரிடம் அத்தை, "இதுக்கு மேல போகாதுங்க, காட்டு வேலைக்குப் போட்டுக்கலாம், பதினஞ்சு ரூவாய்க்கு நாலு வருசம் வரும்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே மூன்று எடுத்தார். கேட்டதற்காக விலையைக் குறைக்க அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் வாங்கிப் போனவர் ஏமாந்தவராகிவிடுவார் என்பது அவர் நியாயம். ஆனால் அஞ்சு உருப்படி எடுத்தவர்களுக்குச் சின்னப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி ஒன்றைச் சும்மா கொடுத்தார். நானும் அத்தை பையனும் தினத்தந்தியில் சுற்றிச் சணல் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

அடுத்த ஞாயிறு மத்தியானத்தோடு கயிறுகள் காலி. மிச்சத்தைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் பத்து ரூபாய் என்று போட்டு முடித்தார்கள். சாயங்காலம் மேஜைமேல் பணத்தை எண்ணி, மாமா கவர்களில் போட்டு டெய்லர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். யாருக்கும் குறையவில்லை. ஆளுக்கொரு டீ-சர்ட்டும் அத்தை தனியாக எடுத்து வைத்திருந்தார், எல்லாம் 40 ரூபாய் வரிசையிலிருந்து.

அமெரிக்காவில் வீட்டு மோட்டார் கொட்டகையில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பதை கராஜ் சேல் என்கிறார்கள். நம் ஊரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது அப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் எங்கள் அத்தையின் முறையைத்தான் சொல்வேன். கலந்து குவிக்காமல் பிரித்து வையுங்கள். ரெண்டு மூன்று விலைக்கு மேல் வேண்டாம். வாங்குகிறவர் கையில் காசு இருக்கும் நாளைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், குறை எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிவிடுங்கள். குறையைக் காட்டினால் சரக்கு விற்காது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குறையைக் காட்டியதால்தான் மற்றதெல்லாம் நல்லது என்று எங்கள் ஷெட்டில் ஜனங்கள் நம்பினார்கள்.

தீபாவளிக்குத் திருப்பூர் வந்து செகண்ட்ஸ் துணி எடுப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். விலையைக் கேட்பதற்கு முன்னால், "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். துணியைப் பிரித்து இடத்தைத் தொட்டுக் காட்டுகிற கடையில் தயங்காமல் வாங்குங்கள்.